கம்பியில்லாக் கருவியின் ரகசியம் யாருக்குச் சொந்தம்?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டதை அடுத்து, நல்ல நிலையிலிருக்கும் எத்தனையோ மடிக்கணினிகள் ஒரே நாளில் முதுமை எய்திவிட்டனவாகக் கருதப்படுகின்றன. திரை தெளிவாக இருக்கிறது, விசைப்பலகை சரளமாக இயங்குகிறது, கூடுதலாக ஒரு ராம் பலகை போட்டுக்கொள்ள இடமும் இருக்கிறது. ஆயினும் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு அதில் இல்லை என்பதாலோ, அதன் செயலி அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இடம்பெறவில்லை என்பதாலோ, அது கழித்துக்கட்ட வேண்டிய பொருள் என்ற தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. உலகம் முழுவதும் 2022-ஆம் ஆண்டில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம் மட்டுமே என்றும் ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அந்தக் குவியலில் தம்முடைய கணினியையும் சேர்ப்பதற்கு முன்னால், அதில் லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளத்தை நிறுவிப் பார்க்கலாமே என்று எண்ணுகிறவர்களை நான் மனமார வரவேற்கிறேன்.

அவ்வாறு எண்ணித் துணிந்தவர்களில் கணிசமானோர் ஒரே ஓர் இடத்தில் மனம் தளர்ந்து திரும்பிவிடுகிறார்கள். லினக்ஸ் நிறுவி முடிந்ததும் ஒலி கேட்கிறது, படம் தெரிகிறது, தமிழ் எழுத்துகள் செம்மையாக வருகின்றன. வைஃபை மாத்திரம் இருக்கும் இடமே தெரியாமல் கிடக்கிறது. இணையம் இல்லாத கணினியால் இந்நாளில் என்ன பிரயோஜனம் என்று வீட்டார் கேட்கிறார்கள், கேள்வி நியாயமானதுதான். கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, கணினி பழசாகிவிட்டது என்கிறார், அல்லது லினக்ஸ் சாமானியர்களுக்கு ஆகாது என்கிறார். இவ்விரண்டு முடிவுகளுமே தவறானவை என்பதையும், பழுது கணினியிலும் இல்லை, லினக்ஸிலும் இல்லை, வைஃபை சில்லைச் செய்தவர்கள் அதை இயக்கும் முறையைத் தம்மிடமே பூட்டி வைத்துக்கொண்டதில்தான் இருக்கிறது என்பதையும், பொது மக்கள் பணத்தில் லட்சக்கணக்கில் கணினி வாங்குகிற அரசாங்கங்கள் மனம்வைத்தால் இந்தப் பூட்டைத் திறக்கச் செய்ய முடியும் என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரும்பாலான வைஃபை சில்லுகள் இயங்க இரண்டு பொருள்கள் தேவை. இயங்குதளத்துக்கும் சில்லுக்கும் நடுவே நின்று, எந்த முகவரியில் எந்த எண்ணை எழுதினால் சில்லு என்ன செய்யும் என்பதை அறிந்து செயல்படும் இயக்கி நிரல், அதாவது கடைவீதியில் டிரைவர் என்று சொல்லப்படுவது, ஒன்று. மற்றொன்று ஃபர்ம்வேர். சில்லுக்குள்ளேயே ஒரு சிறிய செயலி இருக்கிறது; மின்சாரம் பாய்ந்து அது விழிக்கும்போது அதன் நினைவகம் வெறுமையாக இருப்பதால், ஒவ்வொரு முறையும் கணினி அதற்கு ஒரு சிறு நிரலை ஏற்றிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இயக்கியை லினக்ஸ் தொண்டர்கள் எழுதிவிட்டாலும் ஃபர்ம்வேர் அநேகமாகச் சில்லை உற்பத்தி செய்த நிறுவனத்தின் உடைமையாகவே இருக்கிறது. அதை மற்றவர்கள் பிரதி எடுத்து வழங்கலாம் என்ற அனுமதியை அந்நிறுவனம் தந்திருந்தால் லினக்ஸோடு சேர்ந்தே அது வந்துவிடும், தராவிட்டால் வராது. வைஃபை எழுந்திருக்குமா, கிடக்குமா என்பது பெரும்பாலும் இந்த அனுமதியைப் பொறுத்தே அமைகிறது.

ஆகவே பழுது பார்க்க முற்படுகிறவர் முதலில் அறியவேண்டியது, உள்ளே இருக்கும் சில்லு எது என்பதை. அதற்கும் முன்னதாகச் செய்யவேண்டிய ஓர் எளிய சோதனை உண்டு. பத்துப் பதினைந்து வயதான மடிக்கணினிகள் பலவற்றில் முன்விளிம்பிலோ பக்கவாட்டிலோ வைஃபையை அணைக்கும் சிறு நெம்புகோல் ஒன்று இருக்கும். பையில் வைத்து எடுக்கும்போது அது தானாக நகர்ந்துவிடுவது சர்வசாதாரணம். ஆர்எஃப்கில் என்ற கட்டளையைக் கொடுத்தால், அலைபரப்பு நெம்புகோலால் தடுக்கப்பட்டிருக்கிறதா, மென்பொருளால் தடுக்கப்பட்டிருக்கிறதா என்பதை லினக்ஸே பிரித்துச் சொல்லிவிடும். இதைப் பாராமல் இயங்குதளத்தையே அழித்துத் திரும்ப நிறுவுகிறவர்களைக் காணும்போது, வீணாகும் அவர்களுடைய உழைப்பை எண்ணி வருத்தமாக இருக்கிறது.

தடை ஏதும் இல்லையென்றால், எல்எஸ்பிசிஐ -nn என்ற கட்டளை, கணினிக்குள் பொருத்தப்பட்டுள்ள சில்லுகளின் பெயர்களோடு ஒவ்வொன்றுக்கும் உரிய அடையாள எண்ணையும் காட்டும். நான்கு குறிகள், நடுவே ஒரு புள்ளியிணை, மேலும் நான்கு குறிகள் என்று அமைந்த அந்த எண்ணில் முற்பகுதி நிறுவனத்தையும் பிற்பகுதி சில்லையும் குறிக்கும். 8086 என்றால் இன்டெல், 168சி என்றால் ஏதெரோஸ், 10இசி என்றால் ரியல்டெக், 14இ4 என்றால் பிராட்காம். பெயரை நம்பாமல் எண்ணையே நம்பவேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிராட்காம் சில்லுகளில் 4315 என்று முடியும் எண்ணுக்குரிய சில்லின் பெயர் பிசிஎம்4312. 4312 என்று முடியும் எண்ணுக்குரியதன் பெயரோ பிசிஎம்4311. பெயரிலுள்ள இலக்கத்தையும் அடையாள எண்ணையும் ஒன்றாக எண்ணிக்கொண்டவர்கள் ஒன்றுக்குரிய மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்துவிட்டு, குணம் காணாமல் திகைப்பது இதனால்தான்.

இந்தப் பிசிஎம்4312 என்ற சில்லையே நான் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் 2010-ஆம் ஆண்டை ஒட்டி விற்பனையான பல மடிக்கணினிகளில் அது இருந்தது, இன்றும் பலருடைய பொறுமையைச் சோதித்துவருகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் அந்தச் சில்லுக்கான ஆதரவு, பி43 என்ற இயக்கியின் வழியே, 2009 டிசம்பரில் வெளிவந்த 2.6.32-ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. கணினியைத் தொடங்கியதும் அந்த இயக்கி சில்லைக் கண்டுபிடிக்கிறது, தட்டி எழுப்புகிறது, ஃபர்ம்வேரைத் தேடுகிறது. தேடியது கிடைக்காததால், இன்ன கோப்பு இல்லை என்று கெர்னலின் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. அந்தக் கோப்பை மறுவிநியோகம் செய்யும் உரிமையை நிறுவனம் யாருக்கும் அளிக்கவில்லை. எனவே தொண்டர்கள் ஓர் உபாயம் கண்டார்கள்: நிறுவனம் வேறொரு காரியத்துக்காக வெளியிட்டிருந்த மூடிய இயக்கியை, பயனாளர் தாமே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வார், பி43-எஃப்டபிள்யூகட்டர் என்ற சிறு நிரல் அதைக் கீறி உள்ளேயிருக்கும் ஃபர்ம்வேரை வெளியே எடுத்து உரிய இடத்தில் வைக்கும். உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் தொகுப்புகளில் இந்தக் காரியங்கள் அனைத்தையும் ஒரே பொட்டலம் செய்து முடித்துவிடுகிறது. ஆனால் அதை இறக்குவதற்கும் இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும். வைஃபைக்கு இது வேண்டும்.

இந்தச் சுழலிலிருந்து மீள எளிய வழி கையிலுள்ள தொலைபேசியிலேயே இருக்கிறது என்பதைப் பலர் அறியார். ஆண்ட்ராய்டு தொலைபேசியை யூஎஸ்பி கம்பியால் மடிக்கணினியோடு இணைத்து, யூஎஸ்பி டெதரிங் என்ற அமைப்பை இயக்கினால், லினக்ஸ் அதை ஒரு கம்பிவழி இணைப்பாகவே ஏற்றுக்கொள்ளும். தனி இயக்கி எதுவும் தேடவேண்டியதில்லை. ஃபர்ம்வேரை இறக்க அவ்வளவே போதும். மோடத்திலிருந்து லான் கம்பி இழுத்தாலும் சரியே.

இன்னொரு சங்கடத்தையும் சொல்லவேண்டும். பழைய கணினி என்றால் அதைப் பலர் முன்னரே பழுது பார்த்திருப்பார்கள். பிராட்காம் நிறுவனமே வெளியிட்ட டபிள்யூஎல் என்ற மூடிய இயக்கியை யாரேனும் எப்போதோ நிறுவியிருந்தால், அது பி43 இயக்கி எழாதபடி தடைப்பட்டியல் கோப்பு ஒன்றை எழுதி வைத்திருக்கும். பின்னர் வேறொருவர் பி43-க்குரிய ஃபர்ம்வேரை முறைப்படி கொண்டுவந்து வைத்தாலும் அந்தத் தடை நீங்காததால் ஒரு பலனும் இராது. நான் பார்த்தவரையில், தீராத வியாதி என்று கைவிடப்பட்ட கணினிகளில் பலவற்றுக்கு முந்தைய சிகிச்சையின் மிச்சமே வியாதியாக இருக்கிறது. அந்தத் தடைப்பட்டியலை நீக்கிவிட்டுக் கணினியை ஒருமுறை அணைத்துத் தொடங்கினால் குணமாகிவிடுகிறது. இதே வகையில், வைஃபையின் நாட்டுக் குறியீடு அமெரிக்கா என்று அமைந்துவிட்டால் 12, 13-ஆம் அலைத்தடங்கள் கணினியின் கண்ணுக்குப் புலப்படமாட்டா. இந்தியாவில் அவற்றுக்கு அனுமதி உண்டு என்பதால் வீட்டு மோடம் அவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்டிருக்கலாம். தொலைபேசியில் தெரிகிற இணைப்பு மடிக்கணினியில் தெரியாமைக்கு அதுவும் ஒரு காரணம்.

இவையெல்லாம் எப்படியோ தீர்க்கக்கூடிய தொல்லைகள். தீர்க்க முடிகிறதே, அதற்குக் காரணமானவர்களை நாம் அறிந்துகொள்ள வேண்டாமா? பிராட்காம் தன் சில்லுகளின் இயக்கமுறையைப் பற்றி ஓர் ஏடுகூடத் தராத காலத்தில், சில தொண்டர்கள் அதைத் தாமே கண்டறிய முற்பட்டார்கள். லின்க்சிஸ் நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் லினக்ஸை வைத்தே ஓர் இணையத் திசைவியை விற்றது. லினக்ஸின் உரிம நிபந்தனைப்படி மூலநிரலை வெளியிடவேண்டும் என்று வற்புறுத்தப்பட்டபோது மற்றவற்றை வெளியிட்டாலும், வைஃபை இயக்கியை மட்டும் மூடிய வடிவிலேயே வைத்திருந்தது. அந்த மூடிய நிரலை ஒரு குழுவினர் கட்டளை கட்டளையாகப் பிரித்துப் படித்து, சில்லு எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை மட்டும் விளக்கமாக எழுதினார்கள். மூடிய நிரலைக் கண்ணாலும் பாராத மற்றொரு குழுவினர், அந்த விளக்கத்தை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டு புதிய இயக்கியை எழுதினார்கள். பதிப்புரிமைச் சட்டத்துக்கு எள்ளளவும் ஊறு நேராதபடி எடுத்துக்கொண்ட முன்ஜாக்கிரதை அது. 2006-ஆம் ஆண்டில் 2.6.17-ஆம் கெர்னலில் அந்த இயக்கி இடம்பெற்றது. 2008 ஜனவரியில் வந்த 2.6.24-இல் அது பி43 என்று திருந்திய உருவம் பெற்றது. ஓர் அலுவலகத்தில் சில பக்க ஆவணமாகக் கிடந்த விஷயத்தை, உலகின் பல மூலைகளிலிருந்த அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் பிரயாசைப்பட்டு மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அறிவு வளர்ச்சிக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் இது!

அந்தப் பணியில் ஈடுபட்டவர்களில் லாரி ஃபிங்கர் என்ற பெரியவரை இங்கே நினைவுகூராமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. 2005-ஆம் ஆண்டில் இந்தப் பிராட்காம் இயக்கிக்குத் திருத்தம் எழுதத் தொடங்கிய அவர், பிறகு ரியல்டெக் சில்லுகளுக்கும் தம் கவனத்தைச் செலுத்தி, ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்களைக் கெர்னலுக்கு அளித்தார். 2024 ஜூன் மாதம் தமது 84-ஆம் வயதில் காலமானார். பெருந்தொழில் நிறுவனங்கள் லாபமில்லை என்று கைவிட்ட சில்லுகளை, இன்னும் யாரோ ஒரு மாணவனிடம் இந்தக் கணினி இருக்கிறதல்லவா என்ற எண்ணத்தோடு ஒரு முதியவர் கட்டிக்காத்தார் என்பது சாதாரணமான செய்தியன்று. அவரை இதுவரை கேள்விப்பட்டிராத பல்லாயிரம் வீடுகளில் அவருடைய உழைப்பு இன்றும் இயங்கிக்கொண்டிருக்கிறது.

நிறுவனமே தந்த மூடிய இயக்கி இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். டபிள்யூஎல் இயக்கியின் கதையே அதற்கு விடையளிக்கும். அதன் கடைசிப் பதிப்பு வெளிவந்தது 2015-ஆம் ஆண்டில். அதன் பின்னர் கெர்னல் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஏற்ப அந்த இயக்கியின் வெளிப்புற ஓட்டைத் தொண்டர்களே செப்பனிட்டு, உள்ளேயிருக்கும் மூடிய பகுதியைத் தொட வழியின்றி, எப்படியோ உயிரோடு வைத்திருக்கிறார்கள். கெர்னல் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் வைஃபை காணாமற்போவது பெரும்பாலும் இந்த ஓடு பொருந்தாமற்போவதால்தான். இதைவிட விபரீதமானது வேறொன்று: 2019 ஏப்ரலில், அந்த இயக்கியில் வெளியாள் தொலைவிலிருந்தே புகுவதற்கு இடந்தரக்கூடிய பாதுகாப்புக் குறைகள் இருப்பதை ஆராய்ச்சியாளர் ஒருவர் வெளிப்படுத்தினார். திறந்த நிரலாக இருந்தால் அந்த வாரத்திலேயே எவரேனும் அடைத்திருப்பார்கள். மூடிய நிரலை அதன் எஜமானரைத் தவிர வேறு யாரால் அடைக்க முடியும்? எஜமானரோ புதிய பதிப்பு வெளியிடுவதை முன்பே விட்டுவிட்டார்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. ஏதெரோஸ் நிறுவனமும் ஆரம்பத்தில் தன் சில்லுகளின் உள்விவகாரங்களை ஒரு மூடிய பகுதிக்குள் ஒளித்தே வைத்திருந்தது. 2008-ஆம் ஆண்டில் அது தன் போக்கை மாற்றிக்கொண்டு, அப்போது புதிதாக வந்த சில்லுகளுக்கு ஏடிஎச்9கே என்ற இயக்கியைத் தானே மூலநிரலோடு வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த 2.6.27-ஆம் கெர்னலில் அது சேர்க்கப்பட்டது. கணினிக்குள் அட்டையாகப் பொருத்தப்படும் அந்தச் சில்லுகளுக்குத் தனி ஃபர்ம்வேர் கோப்பு தேவையே இல்லை. அக்காலத்து மடிக்கணினி ஒன்றில் இன்று வெளியான லினக்ஸை நிறுவினாலும், முதல் நிமிஷத்திலேயே வைஃபை எழுந்து நிற்கிறது. ஒரே காலத்தில், ஏறக்குறைய ஒரே விலையில் விற்ற இரண்டு கணினிகளில் ஒன்று பதினைந்து ஆண்டுகள் கழிந்தும் தொல்லையின்றி உழைக்கிறது, மற்றது மூலையில் கிடக்கிறது; வாங்கியவரின் சாமர்த்தியமோ உபயோகித்தவரின் அஜாக்கிரதையோ அதற்குக் காரணமல்ல. வாங்குகிற வேளையில் எந்தக் கடையிலும் எவரும் அவருக்கு இந்த வேற்றுமையை எடுத்துச் சொல்லவில்லை.

பிராட்காமும் பின்னாளில் மனம் மாறாமல் இல்லை என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 2010 செப்டம்பரில் அது தன்னுடைய சில புதிய சில்லுகளுக்குத் திறந்த இயக்கியை வெளியிட்டு, ஃபர்ம்வேரை மறுவிநியோகம் செய்யும் உரிமையையும் அளித்தது. பிசிஎம்4312 போன்ற மூத்த சில்லுகளுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

மூடிவைப்பதற்கு நிறுவனங்கள் கூறும் சமாதானங்களில் கவனிக்கத் தகுந்தது ஒன்று. வைஃபை என்பது வானொலி அலை. எந்த அலைவரிசையில், எவ்வளவு சக்தியோடு ஒலிபரப்பலாம் என்பதை ஒவ்வொரு நாட்டின் சட்டமும் வரையறுத்திருக்கிறது. இயக்கமுறையை வெளியிட்டால் எவரும் வரம்பை மீறி ஒலிபரப்பி, விமானநிலைய ரேடார் முதலான கருவிகளுக்கு இடையூறு விளைவிக்கக்கூடும் என்கிறார்கள். இந்த அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் லினக்ஸில் ஒவ்வொரு நாட்டுக்கும் உரிய வரம்புகள் தனி அட்டவணையாகத் தொகுக்கப்பட்டு, எவரும் திருத்திவிடாதபடி மின்னொப்பமிடப்பட்டே வருகின்றன. மேலும், 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையம், சக்தி வரம்பை மீறக்கூடிய திசைவிகளை விற்றதற்காக டிபி-லிங்க் நிறுவனம் இரண்டு லட்சம் டாலர் செலுத்தும்படி ஏற்பாடு செய்தபோது, அதே உடன்படிக்கையில், பிறர் எழுதும் திறந்த மென்பொருள்களுக்கு இடமளிக்கும் வழியையும் அந்நிறுவனம் ஆராயவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அலையைக் காப்பதும் அறிவைத் திறப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதைக் கட்டுப்பாட்டு ஆணையமே ஒப்புக்கொண்ட பிறகு, அந்த வாதத்துக்கு முன்போல மதிப்புத் தர இயலாது.

லினக்ஸ் உலகத்துக்குள்ளும் இதுபற்றிய மனப்போராட்டம் நெடுங்காலம் நடந்தது. டெபியன் என்ற புகழ்பெற்ற தொகுப்பு, மூலநிரல் இல்லாத எதையும் தன் அதிகாரபூர்வமான நிறுவல் வட்டில் சேர்ப்பதில்லை என்ற விரதத்தைக் காத்துவந்தது. கொள்கை உயர்ந்தது, அதனால் வருந்தியது புதிதாக வந்த பயனாளர். 2022-ஆம் ஆண்டில் அதன் உறுப்பினர்கள் வாக்களித்து விதியைத் தளர்த்தினார்கள். 2023 ஜூனில் வெளிவந்த 12-ஆம் பதிப்பு முதல், விநியோக உரிமை உள்ள ஃபர்ம்வேர்கள் நிறுவல் வட்டிலேயே வருகின்றன. அவர்கள் செய்தது சரி என்பதே என் அபிப்பிராயம். ஆனால் விநியோக உரிமையே தரப்படாத கோப்புகளை இந்த மாற்றமும் கொண்டுவந்து சேர்க்க முடியாது.

சரி, சில்லையே மாற்றிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். சென்னை ரிச்சி தெருவில் பழைய ஏதெரோஸ் அட்டை தேடிப் பிடிக்கலாம். ஆனால் பழைய திங்க்பேட் முதலான சில மடிக்கணினிகளில், கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் என்ற அடிப்படை நிரல், தான் அங்கீகரித்த அட்டையைத் தவிர வேறொன்றைக் கண்டால் 1802 என்ற பிழை எண்ணைக் காட்டிக் கணினியைத் தொடங்கவே மறுத்துவிடும். யூஎஸ்பி துளையில் செருகும் வைஃபை டாங்கிள் வாங்கலாம் என்றால், பெட்டியின் மேலுள்ள பெயரும் உள்ளேயுள்ள சில்லும் ஒத்துப்போவதில்லை. டிஎல்-டபிள்யூஎன்722என் என்று விற்ற ஒரே டாங்கிளின் முதற்பதிப்பில் திறந்த ஃபர்ம்வேரோடு இயங்கும் ஏதெரோஸ் சில்லு இருந்தது. இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சில்லு வந்துவிட்டது. பதிப்பு எண்ணைக் கேட்டு வாங்குங்கள் என்பதைத் தவிர வேறு யோசனை சொல்ல என்னிடம் இல்லை.

நம் வீடுகளில் பாட்டி காலத்துத் தையல் இயந்திரம் இன்றும் ஓடுகிறதென்றால், அதன் உறுப்புகள் எவ்வாறு இணைந்து வேலை செய்கின்றன என்பது ஊரிலுள்ள எந்த மெக்கானிக்குக்கும் தெரியக்கூடிய விஷயமாக இருந்ததே காரணம். கணினி வாங்குகிறவருக்கும் அந்த உரிமை கிட்டவேண்டும். நமது மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாயிலைத் தொடங்கி, மின்னணுப் பொருள்களையும் அதில் ஒரு துறையாகச் சேர்த்திருப்பது நல்ல ஆரம்பம். பிரான்ஸ் தேசத்தில் 2021 ஜனவரி முதல், மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களுக்கு அவற்றைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று காட்டும் மதிப்பெண் அச்சிடப்படுகிறது. ஆவணங்கள் கிடைக்கின்றனவா என்பதும் அதில் ஓர் அளவுகோல். ஆனால் எங்கும் பேச்சு திரை, பேட்டரி, திருகாணி என்பதோடு நின்றுவிடுகிறது. கழற்றவும் மாட்டவும் வழியிருந்தும் இயக்கத் தெரியாத பொருளை எவ்வாறு பழுதுபார்ப்பது? இயக்கமுறை விளக்கமும் ஃபர்ம்வேரை வழங்கும் உரிமையும் உதிரிபாகங்களே என்று சட்டம் கருதவேண்டும்; ஒரு சில்லுக்கு ஆதரவை நிறுத்திக்கொள்ளும் நிறுவனம், நிறுத்தும் அன்றே அவ்விரண்டையும் பொதுவில் வைக்கக் கடமைப்பட்டது என்று விதி செய்யவேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திராமல் தமிழ்நாடு செய்யக்கூடிய காரியமும் இருக்கிறது. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவ மாணவியருக்கு ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸோடு சேர்த்து அவற்றில் நிறுவப்பட்டது. தந்த அன்று எல்லாம் இயங்கியிருக்கும்; பத்து ஆண்டு கழித்து அந்தக் கணினியில் புதியதொரு லினக்ஸை ஒரு தங்கையோ தம்பியோ நிறுவும்போது வைஃபை எழவேண்டும் என்ற நிபந்தனையும் கொள்முதலோடு சேர்ந்திருக்க வேண்டும். 2025 மார்ச் மாத வரவுசெலவுத் திட்டத்தில் மேலும் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கருவிகள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. இத்தனை லட்சம் கணினி வாங்குகிறவரின் சொல்லை எந்த உற்பத்தியாளரும் தட்டிவிட மாட்டார்.

தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் வெளியிடும் ஒப்பந்தப்புள்ளியில் ஒரு பத்தி சேர்த்தால் போதும்: வைஃபை சில்லின் இயக்கி, திருத்தம் செய்யப்படாத பொதுக் கெர்னலிலேயே இடம்பெற்றிருக்க வேண்டும், ஃபர்ம்வேர் தேவைப்படுமானால் அது எவரும் மறுவிநியோகம் செய்யத்தக்க உரிமத்தோடு இருக்கவேண்டும், ஒரே மாதிரிக்குள் சில்லை மாற்றினால் மாதிரியின் பெயரையும் மாற்றவேண்டும், பயாஸ் வேறு அட்டையை மறுக்கலாகாது. இதைச் சரிபார்க்க வல்லுநர் குழுவோ, வெளிநாட்டுப் பரிசோதனைச் சாலையோ அவசியமில்லை. வந்திறங்கிய பெட்டிகளிலிருந்து ஏதேனும் ஒன்றை எடுத்து, கம்பி இணைப்பு எதுவும் தராமல், டெபியனின் நிறுவல் வட்டைக் கொண்டு ஒரு கல்லூரி மாணவரையே தொடங்கச் சொல்லலாம். அருகிலுள்ள வைஃபை இணைப்புகளின் பட்டியல் திரையில் வந்தால் கொள்முதலுக்குக் கையெழுத்திடலாம். வராவிட்டால் பெட்டிகளை லாரியிலிருந்து இறக்க வேண்டியதில்லை.